வேனிலும் செங்கோட்டு யாத்திரையும்

கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருச்செங்கோடு, தேவாரத்துள் கொடிமாடச் செங்குன்றூர் எனப் போற்றப்பெறுவது. முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்துள் விளங்கும் இத்திருநகர், மானாவாரிச் சமவெளியின் நடுவே செங்குத்தாய் எழுந்த கற்குன்றின் அடியில் அமைந்துள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,900 அடி உயர்ந்த அக்குன்றின்மேல், அம்மையும் அப்பனும் ஓருருவாகிய அர்த்தநாரீசுவரரும், செங்கோட்டு வேலவரும், ஆதிகேசவப் பெருமாளும் எழுந்தருளியிருக்கின்றனர். இத்தலத்துப் பெருவிழா வைகாசி விசாகத்தை ஒட்டி நிகழ்வது. ஆண்டின் பன்னிரு திங்களுள் வெயில் மிகக் கொடிதாகிய காலத்தையே முன்னோர் இவ்விழாவிற்குக் கொண்டனர். அவ்வெயிலைத் தாங்கி வரும் அடியார்க்கு அவர்கள் செய்துவைத்தவை யாவை என்பதும் இத்தல வரலாற்றின் ஒரு கூறேயாகும்.

கதிரவன் பரணியின் மூன்றாம் பாதம் தொடங்கி ரோகிணியின் முதற்பாதம் முடியச் செல்லும் நாட்களை அக்கினி நட்சத்திரம் என்றும், கத்திரி என்றும் வழங்குவர். அவற்றின் நடுவே நிற்கும் கார்த்திகை, அக்கினியைத் தேவதையாக உடையது; முருகப்பெருமானுக்கு உரிய மீனும் அதுவே. கதிரவன் கார்த்திகையைச் சார்ந்து நிற்குங்கால், முழுமதி அதற்கு நேர் எதிராகிய விசாகத்தைச் சார்ந்து நிற்கும். ஆதலின் வைகாசி விசாகம் கத்திரிக்குள்ளோ, அதனை அடுத்த நாட்களிலோ வருதல் வானியல் முறையேயன்றி வேறன்று. இதனோடு உழவர் நிலையும் பொருந்திற்று. சோளமும் பருத்தியும் வீடு வந்துவிட்டன. ஆடி விதைப்பிற்கு நாள் உண்டு. கிணறுகள் வற்றக் கவலை இறைத்த காளைகளும் ஓய்ந்து நிற்கும். இவ்வோய்விலேதான் குடியானவர் வண்டி கட்டினர். பகலில் வெப்பம் 100 பாகையைத் தாண்டும் இச்சமவெளியில், வளர்பிறை நிலவு வழிப்போக்கருக்குச் சிறியதோர் உதவியன்று.

திருஞானசம்பந்தர் இத்தலத்திற்கு எழுந்தருளியபோது நேர்ந்த துன்பமோ வெப்பத்தால் வந்ததன்று. செங்குன்றூரைப் பணிந்து, திருநணாவாகிய பவானியையும் வழிபட்டு மீண்டு, பிள்ளையார் ஈண்டே தங்கியிருந்த நாளில், உடன் வந்த பரிசனங்களைக் குளிர்ச்சுரம் பற்றியது எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். அப்போது அருளிச்செய்யப்பெற்றதே திருநீலகண்டத் திருப்பதிகம். அந்நோய் அவ்வடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்பது பெரியபுராணம். யாத்திரை வந்தாரின் உடல்நலமும் இறைவன் திருவுள்ளத்திற்கு உரியதே என்பதற்கு இத்தலமே சான்றாயிற்று.

வெயிலின் பொருட்டும் அவ்வருள் வெளிப்பட்ட இடங்கள் உண்டு. முதுவேனிலில் நடந்துவந்த சம்பந்தருக்குப் பட்டீச்சரத்தில் முத்துப்பந்தர் நிழல் செய்தது. சீகாழியினின்று குருகாவூருக்குச் செல்லும் வழியில், பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்திய சுந்தரருக்கு, இறைவன் தானே அந்தணனாய்ப் பந்தலிட்டுப் பொதிசோறும் தண்ணீரும் ஈந்தனன். திங்களூர் அப்பூதியடிகளோ திருநாவுக்கரசரைக் காணுமுன்னரே அவர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர். கோடையில் நீர்மோரும் பானகமும் அளிக்கும் ஓலைப்பந்தலை எளிய அறமென்று கருதுவோர் இவ்வரலாறுகளை எண்ணிப் பார்த்தல் நன்று.

செங்கோட்டு மலைவழி இவ்வறத்தையே கல்லிற் செய்துவைத்தது. 1,200க்கு மேற்பட்ட படிகள். வெயிலேறியபின் வெறுங்காலை வைக்கவொண்ணாத பாறை. ஆங்காங்கே, மூச்சு வாங்கும் இடமறிந்து எடுத்தாற்போல மண்டபங்கள் அமைந்துள்ளன. செங்குந்தர் மண்டபம், தைலி மண்டபம் என அவை பல பெயர் பெறும். அவற்றுள் ஒன்றற்கு இளைப்பாற்றி மண்டபம் என்றே பெயர். கொடுத்தார் பெயரினும் கொள்வார் களைப்பே முன்னிற்கும் அப்பெயர் எத்துணை இனிது! வழியிடையே பாறையில் ஏறத்தாழ 60 அடி நீளத்திற் செதுக்கிய நாகவடிவம், குங்குமத்தாற் சிவந்து கிடக்கும். அதற்கும் மேலே அறுபதாம்படி. சத்தியப்படி எனப்படும் அவ்விடத்தில் முருகன் திருமுன் செய்த ஆணையை வழக்குகளிலும் மெய்யாக ஏற்றனர் என்பது ஊரார் கூற்று.

இன்று பெரும்பாலார் மோட்டார்ப் பாதை வழியே சிறுபொழுதில் உச்சியை அடைவர். அதனைக் குறை கூறுதற்கில்லை. முதியோரும் நோயாளரும் அதனாலன்றோ தரிசனம் பெறுகின்றனர்! ஆயினும் படியேறுவார் அடியோடு ஒழிந்தாரல்லர். நேர்த்திக்கடன் உடையார் வைகாசியிலும் படிவழியே வருகின்றனர். புதியதொரு மண்டபம் எடுத்தலினும் பழையதன் கூரையொழுக்கை அடைத்தலும், அதன் நிழலில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தலும் சிறந்தன. சீர்ணோத்தாரணத்தைப் பெரும்புண்ணியமாக ஆகமங்கள் ஓதுதலும் இதுபற்றியே. இவ்வகைப் பணிக்குப் பொருளீவார் குறைவு. பெயர் பொறித்த கல் அதில் பெரிதாக அமையாதன்றோ!

நீரைப் பற்றிப் பிறிதொன்றும் சொல்லத்தக்கது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் இவ்வூர் இந்நாளில் பாரதமெங்கும் பெயர் பெற்றுள்ளது. நீர் அருகிய நிலத்தார் நீர் தேடும் தொழிலில் வல்லராயினமை வியப்பன்று. சமவெளியில் பல நூறடி துளைத்தும் சிலவிடத்து நீர் காணாதிருக்க, மலையுச்சியில் மூலவர் திருவடிக்கீழ்த் தேவதீர்த்தம் ஊறுகின்றது. வெண்பாடாணத் திருமேனியெனப் போற்றப்பெறும் பெருமானை வணங்குவார்க்கு அந்நீரே தீர்த்தமாக அளிக்கப்பெறும்.

படியேற இயலாதாரையும் வண்டிக்கு வழியில்லாதாரையும் அக்காலத்தார் மறந்திலர். பெருவிழாவின் நான்காம் நாள் அர்த்தநாரீசுவரரும், செங்கோட்டு வேலவரும், ஆதிகேசவப் பெருமாளும் மலையினின்று இறங்கி நகருக்கு எழுந்தருளுவர். தேரோட்டம் முடியுங்காறும் அடிவாரத்திலேயே தங்கி, வீதிதோறும் காட்சி தருவர். ஆண்டு முழுதும் குன்றை நோக்கிக் கைகூப்பிய முதியவர், அந்நாட்களில் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே பெருமானைக் காண்பர். விழா நிறைந்ததும் மூவரும் மீண்டும் மலையேறுவர். வண்டிகளும் ஊர் திரும்பும்.