சுடரும் மின்னும்

கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் வேலைக்குச் சென்ற தொழிலாளர் பலர், ஒரு காலத்தில், நெற்றியிற் கட்டிய கார்பைடு விளக்கின் ஒளியிலேயே மரம் வெட்டினர். கால்சியம் கார்பைடின்மீது நீர் சொட்டச் சொட்ட அசெட்டிலின் வாயு எழும். அது சிறு துளை வழியே வந்து வெண்சுடராய் எரியும். அச்சுடர் ஒளியும் வெப்பமும் தருவதோடு மின்னையும் கடத்தவல்லது. இவ்வுண்மையை அறிவுலகம் படிப்படியாக உணர்ந்த வரலாறு 400 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகும்.

1600-இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட், காந்தம் பற்றித் தாம் எழுதிய நூலில், தேய்த்து மின்னேற்றப்பட்ட பொருள் சுடரருகே தன் கவர்ச்சியை இழப்பதைக் குறித்தார். 1814-இல் வில்லியம் பிராண்டே, மின்னேற்றிய இரு முனைகளுக்கிடையே சுடர்களை வைத்து ஆராய்ந்தார். கரிப்பொருள் எரியும் சுடர் எதிர்முனை நோக்கிச் சாய்ந்தது. பாஸ்பரச் சுடரோ நேர்முனை நோக்கிச் சாய்ந்தது. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்த பின்னரே இதன் காரணம் தெளிவாகத் தொடங்கியது.

கரிச்சேர்மங்கள் எரியுங்கால் சில மூலக்கூறுத் துண்டுகள் ஆக்சிஜன் அணுவோடு கூடி, நேர்மின் அயனியாகவும் தனி எலெக்ட்ரானாகவும் பிரிகின்றன. சுடரின் இரு புறமும் மின்புலம் அமைந்தால், நேர் அயனிகள் எதிர்முனைக்கு விரைகின்றன. வழியிலுள்ள வாயு மூலக்கூறுகளை அவை மோதித் தள்ளுவதால் ஒரு காற்று பிறக்கிறது. இதுவே அயனிக்காற்று. எலெக்ட்ரான் மிக இலேசானது. ஆதலின் அது தள்ளும் தள்ளு மிகச் சிறிது. அயனிக்காற்றின் வலிமையால் சுடர் வளையும், சுருங்கும், புகைக்கரியின் அளவும் மாறும்.

இத்துறையை வளர்த்தவருள் பீலிக்ஸ் வைன்பர்க் சிறந்தவர். செக்கோஸ்லவாக்கியாவில் 1928-இல் பிறந்த அவர், நாஜிகளின் ஆஷ்விட்ஸ், பூக்கன்வால்ட் முகாம்களினின்று உயிர் தப்பிய யூதச் சிறுவர். பின்னர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். லாட்டன் என்பாருடன் அவர் எழுதிய சுடரின் மின்னியல் நூல் 1969-இல் வெளிவந்தது.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. தூய ஹைட்ரஜன் சுடரில் அயனிகள் மிகக் குறைவு. அதில் சிறிதளவு கரிச்சேர்மம் கலந்தாலும் மின்னோட்டம் எழும். இந்த நுட்பத்தைக் கொண்டு வாயுக்களை ஆராயும் கருவி 1957-இல் ஆஸ்திரேலியாவில் உருவாயிற்று.

இன்று கெடாவின் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் ரப்பர்க் கையுறை ஆலைகள் உள்ளன. இத்தகைய ஆலைகளின் வாயு எரிகலன்களில், சுடருக்குள் ஒரு சிறு உலோகக் கம்பி நீட்டியிருப்பதுண்டு. அதற்கு மாறுமின்னழுத்தம் தரப்படுகிறது. சுடர் எரியும்வரை மின்னோட்டம் ஒரு திசையில் மிகுதியாகவும் மறுதிசையில் மிகக் குறைவாகவும் செல்லும். அதன் அளவு மைக்ரோ ஆம்பியர்களே. சுடர் அணைந்தவுடன் அவ்வோட்டம் நிற்கும். வாயுக்குழாயின் அடைப்பும் மூடிக்கொள்ளும். ஈரத்தாலோ பழுதாலோ கசியும் மின்னோட்டம் இரு திசையும் ஒப்பச் செல்வதால், அதனைச் சுடரென்று கருவி மயங்குவதில்லை. எரியாத வாயு கூடத்தில் நிறைந்து வெடிக்காமல் காப்பது இவ்வேற்பாடே.

தோட்டத் தொழிலாளர் தம் விளக்கின் சுடர் காற்றில் அணையாதபடி காத்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் பணிபுரியும் ஆலைகளிலோ, சுடரே தன் மின்னால் தொழிலாளரைக் காத்து நிற்கிறது.