பனிக்கு ஒரு கூரை

ஊட்டிக்காரர்களுக்குப் பனி இரண்டு வகை. முதலில் வரும் நீர்ப்பனி புல்லை நனைத்துவிட்டுப் போய்விடும். பின்னால் வரும் உறைபனிதான் டேலியாவையும் உருளைக்கிழங்குச் செடியையும் ஒரே இரவில் கருக்கும். ஊட்டியின் காந்தலில் வளர்ந்த எனக்கு மார்கழி என்றாலே, அம்மா சாயங்காலம் தொட்டிச் செடிகள் மேல் போர்த்தும் பழைய கோணிகள்தான் ஞாபகம். "மேகமே இல்ல, காத்தும் இல்ல. இன்னைக்கு விழும்" என்பார். பெரும்பாலும் விழும்.

அம்மா பார்த்தது சரியான இடத்தைத்தான். மேகமற்ற, காற்றடங்கிய இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. குதிரைப் பந்தய மைதானமும் தலைகுந்தாவும் முதலில் வெளுப்பது அதனால்தான். செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு மூடாக்கு இருந்தால் போதும், பாதி ஆபத்து நீங்கிவிடும்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பழைய வீடு இந்தச் சூட்சுமத்தில் எழுந்தது. மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்த கூரை இரு பக்கமும் தரைவரை இறங்கும். வாசல் ஏறக்குறைய மூன்றடி. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அடுப்பின் சூடு லேசில் வெளியேறாது.

வெள்ளைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவுக்குப் பிறகு உயர்ந்த கூரையும் கணப்படுப்பும் புகைபோக்கியுமாக பங்களாக்கள் பெருகின. அந்த அடுப்புகளுக்குச் சோலைக்காடுகள் விறகாயின. விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க, 1843இல் வந்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்) பின்னர் மலையெங்கும் நடப்பட்டது. சோலை மரக்கன்று திறந்த புல்வெளியில் உறைபனியைத் தாங்குவது அரிது. பெரிய மரங்களின் நிழலடியில்தான் பிழைக்கும். வெட்டிய இடத்தில் சோலை எளிதில் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தாவரவியல் பூங்காவின் கதையிலும் பனி உண்டு. ஐரோப்பியர்கள் சந்தா போட்டு 1847இல் தொடங்கிய காய்கறித் தோட்டத்தை, அடுத்த ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் பூங்காவாக மாற்றத் தொடங்கினார். வெளிநாட்டுப் பூச்செடிகள் நிறைந்த அந்தப் பூங்காவில் இன்றும் குளிர்காலத்தில் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளை வெட்டி வந்து நாற்றுகளின் மேல் கவிழ்க்கிறார்கள். காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் புல்தரைப் பனியைக் கரைக்கிறார்கள். பூங்காவுக்கு மேலேயே ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கிறது. கூரை போடும் வித்தை அங்கே எப்போதோ தெரியும்.

இப்போது பள்ளங்களில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல்களோடு விடுதிகள் எழும்புகின்றன. குளிருகிறது என்றால் ஹீட்டர் தருவார்கள். அதற்கு வாடகை தனி.