பதின்மூன்று ஆண்டுகளில் உருவான ஒரு கித்தார்

தமக்கென ஒரு கருவியைச் செய்யச் சொல்லும் கலைஞருக்கும் அதைச் செய்பவருக்கும் இடையே இருப்பது வெறும் கொடுக்கல் வாங்கல் என்றே நாம் எண்ணுகிறோம். கித்தாரின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

1924-இல் மியூனிக் நகரில் ஸ்பானியக் கித்தார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவை ஹெர்மன் ஹௌசர் என்னும் கருவிக் கைவினைஞர் சந்தித்தார். செகோவியாவிடம் இருந்தது, 1912-இல் மாட்ரிட்டில் மானுவல் ராமிரெஸின் பட்டறையில் உருவான கித்தார். ஹௌசர் அதனை நுணுகி ஆராய்ந்து அளவெடுத்துக்கொண்டார்.

அளவுகள் கிடைத்தன, நாதம் கிடைக்கவில்லை. கித்தாரின் ஒலி பெரிதும் அதன் முகப்பலகையைப் பொறுத்தது. மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகையை எவ்விடத்தில் எவ்வளவு இழைப்பது, அதன் உட்புறத்தில் விசிறிபோல் ஒட்டப்படும் சட்டங்களை எப்படிச் சீவுவது என்பதெல்லாம் மரத்துக்கு மரம் மாறுபடும். ஹௌசர் செய்தளித்த கித்தார்களில் செகோவியா குறை கண்டார். ஹௌசர் மீண்டும் செய்தார். 1937-இல்தான் செகோவியாவின் மனம் நிறைந்தது. அக்கித்தாரை அவர் 1962 வரை மேடைகளில் வாசித்தார். 1986-இல் அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

ஒருவர் குறை சொல்லத் தயங்கவில்லை. மற்றவர் கேட்கச் சலிக்கவில்லை. இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் நல்ல கித்தார்களுள் மற்றொன்று மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும்.