சுமை இறங்கிய இடம்: இரட்சணிய யாத்திரிகம் பிறந்த கதை

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடமிருக்காது. ஒற்றைக் காலில் நின்று தவமிருந்த கோமதி அம்மனுக்கு இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும், சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த திருவிழா அது. தவத்துக்குப் பலன் உண்டு என்பதை இந்த வட்டாரத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கரநாராயணரின் பெயரைத் தாங்கிய ஒருவருக்குப் பிறந்த மகன்தான், மனிதனின் தவமும் தருமமும் அவனை மீட்காது, விசுவாசமே மீட்கும் என்ற கிறிஸ்தவப் போதனையைத் தமிழில் காப்பியமாகப் பாடினார்.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பு. அங்கே 1827-ல் சங்கரநாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மைக்கும் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. வைணவ வேளாளர் குடும்பம். கம்பராமாயணத்தில் ஊறிய வளர்ப்பு. 1853-ல் சாயர்புரத்து மிஷன் கல்விக்கூடத்துக்குத் தமிழாசிரியர் தேவைப்பட்டபோது, மிஷனரி கால்டுவெல் இவரைத் தேர்ந்தெடுத்தார். தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனவருக்கு அங்கே நண்பர்களோடு வாக்குவாதம், வேத வாசிப்பு, மனப் போராட்டம் என்று ஐந்தாண்டுகள் கழிந்தன. 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரெட் கிருஷ்ண பிள்ளை ஆனார்.

அவருடைய காப்பியமான இரட்சணிய யாத்திரிகத்தின் வேர் இன்னும் பழையது. செய்த பாவத்துக்கு ஈடாக எவ்வளவு நன்மை செய்தால் கணக்கு தீரும்? ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் என்ற துறவியைத் தூங்கவிடாமல் வாட்டிய கேள்வி இது. உபவாசம் இருந்தார், இரவெல்லாம் விழித்து ஜெபித்தார், ஓயாமல் பாவ அறிக்கை செய்தார். நிம்மதி வரவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில்தான் விடை கிடைத்தது: கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது கிருபையால், அதை வாங்கிக்கொள்ளும் கைதான் விசுவாசம். அந்த லூதர் கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்துக்குச் செய்த விளக்கவுரை, சுமார் ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் ஒரு ஏழைப் பாத்திரத் தொழிலாளியின் கையில் கிடைத்தது. அவர் பெயர் ஜான் பனியன். உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். 1678-ல் அவர் வெளியிட்ட நூலை நம் சபைகளில் ‘மோட்சப் பிரயாணம்’ என்றால் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நூலில், முதுகில் பாவச் சுமையோடு ஒருவன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். வழியில் ஒரு பெரிய மனிதர் நல்லெண்ணத்தோடு பேசுவதுபோல் ஒரு குறுக்குவழி காட்டுகிறார்: ஒழுக்கம் என்ற கிராமத்துக்குப் போ, நியாயப்பிரமாணத்தைப் பின்பற்று, சுமை இறங்கிவிடும். நம்பிப் போகிறான். அந்த வழியில் ஒரு மலை அவன் தலைமேல் விழுவதுபோல் சாய்ந்து நெருப்புக் கக்குகிறது. சுமையோ முன்பைவிடக் கனக்கிறது. பிறகு சிலுவையடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்த கணத்தில், அவன் அவிழ்க்காமலே அது கழன்று உருண்டுபோகிறது.

இந்தக் காட்சி ஐரோப்பிய வாசகர்களுக்கு ஒரு விதமாகப் பட்டிருக்கும். கம்பனில் வளர்ந்த வைணவருக்கு வேறு விதமாகப் பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். கையில் எந்தத் தகுதியும் இல்லாமல், எதிரியின் தம்பியாக வந்து அடைக்கலம் கேட்ட வீடணனை இராமன் ஏற்றுக்கொள்ளும் படலம் அவருக்குப் பழக்கமானது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். ஜீவன் கரையேறுவது இவற்றில் எந்த வழியில் என்று வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதாடிய மண் இது. லூதரின் கேள்வி கப்பலேறி வருவதற்கு முன்பே தமிழில் அதற்குச் சொற்களும் வழக்காடுவோரும் இருந்தார்கள். கிருஷ்ண பிள்ளையின் விருத்தங்களில் மொழிபெயர்ப்பு வாடை இல்லாததற்கு இதுவே பெரிய காரணம்.

பனியனின் கதையைத் தழுவி, பாளையங்கோட்டையிலிருந்து வந்த ‘நற்போதகம்’ இதழில் பகுதி பகுதியாக அவர் எழுதிவந்த இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் நூலானது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவங்கள். 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள். ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. ஆனால் கம்பனைப்போல் பாடியதைவிட, பனியனிடம் இல்லாத ஒன்றைச் சேர்த்ததையே அவருடைய பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

பனியனின் பயணி சிலுவையைப் பார்க்கிறான், சுமை விழுகிறது, கதை நகர்ந்துவிடுகிறது. பைபிளோடு வளர்ந்த அவருடைய வாசகர்களுக்கு அது போதும். கிருஷ்ண பிள்ளை நகரவில்லை. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் வைத்து, இயேசு பிடிபட்டதையும் விசாரிக்கப்பட்டதையும் ஏளனங்களைப் பேசாமல் பொறுத்ததையும் சிலுவையில் அறையப்பட்டதையும் நின்று நிதானமாகப் பாடுகிறார். நெஞ்சு பதறாமல் அதை வாசிக்க முடியாது. விசுவாசத்தால் மீட்பு என்றால் சும்மா கிடைப்பதா, தவமும் இல்லாமல் தருமமும் இல்லாமல் இது என்ன நியாயம் என்று கேட்கும் எவருக்கும் அந்தப் படலமே பதில். பெறுகிறவனுக்கு அது இலவசம். கொடுத்தவருக்கு உயிரே விலையாயிற்று. பனியன் ஒரு பார்வையில் கடந்ததை இவர் ஒரு படலமாக விரித்ததால்தான், விசுவாசம் என்பது வெறும் கொள்கையாக நிற்காமல், இன்னார்மேல் வைக்கும் அன்பாகிறது. ஆழ்வார் பாசுரங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஆள் இல்லாத பக்தி விளங்கியிராது.

அப்படியானால் நற்செயல்கள் எதற்கு? சபைக்குள்ளேயே ஓயாத கேள்வி இது. செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபம் கண்டிப்பாகச் சொல்கிறது. காப்பியம் இதற்குத் தன் அமைப்பாலேயே பதில் சொல்கிறது. சுமை இறங்கியதும் கதை முடிவதில்லை. பெரும்பகுதிப் பயணம் அதற்குப் பிறகுதான். மாயாபுரிச் சந்தையில் உடன்வந்தவன் கொல்லப்படுகிறான், சந்தேகக் கோட்டையில் அடைபட நேர்கிறது, கடைசியில் மரண ஆற்றையும் கடக்க வேண்டியிருக்கிறது. சுமையை இறக்குவதற்காக அவன் அந்தப் பாட்டையெல்லாம் படவில்லை. இறங்கிவிட்டதால்தான் அவ்வளவு தூரம் அவனால் நடக்க முடிகிறது.