பியானோவும் எட்டயபுரமும்

முத்துக் குளிப்புக்கும் துறைமுகத்துக்கும் பெயர் பெற்ற தூத்துக்குடிக்கு வடக்கே, கரிசல் நிலத்தில் அமைந்துள்ளது எட்டயபுரம். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊர் அது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1833-இல், போலந்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஷோப்பன் என்னும் இளைஞர் பியானோவுக்குரிய பன்னிரண்டு பயிற்சி உருப்படிகளை வெளியிட்டார். ஒன்றையொன்று அறியாத இவ்விரு மரபுகளையும் ஒருங்கே நோக்கினால் நம் இசையின் இயல்பு தெளிவாகும் என்பது என் எண்ணம்.

ஷோப்பனின் உருப்படி ஒவ்வொன்றும் கைக்கு ஒரு சோதனை. முதலாவதில், ஒரு ஸ்தாயிக்கும் மேலாக வலக்கை விரிந்து, சுரங்களை அலையலையாக ஏற்றி இறக்க வேண்டும். இரண்டாவதில் நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் அரைச்சுரம் அரைச்சுரமாக விரைந்தோட, அதே கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் இடையிடையே துணைச்சுரங்களை ஒலிக்க வேண்டும். வலிமை குன்றிய விரல்களுக்கே பெரும்பாரம்! ஆயினும் கேட்பவருக்கு அது பயிற்சியாகத் தோன்றுவதில்லை, இசையாகவே இனிக்கிறது. நம் வர்ணமும் அத்தகையதே. அப்பியாச கானமாகக் கற்பது, கச்சேரியிலும் முன்னிற்கிறது.

எனினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பியானோவின் கட்டையை அழுத்தியபின் அச்சுரத்தை அசைக்க இயலாது. நம் இசைக்கோ அசைவே, அதாவது கமகமே, உயிர். விரல் தந்தியின்மீது வழுகிச் செல்ல இடந்தருவதால்தான் மேனாட்டுப் பிடில் நம் கச்சேரியில் வேரூன்றியது என்று கருதுகிறேன். அதனை நம் இசைக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர், முத்துசாமி தீட்சிதரின் தம்பியும் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானுமாகிய பாலுசாமி தீட்சிதர்.

இந்த அசைவை ஏட்டில் எழுதுவது எங்ஙனம்? குருமுகமாக மட்டுமே வாழ்ந்த கலைக்கு இது உயிர்ப்பிரச்சினை. குரு மறைந்தால் பாடாந்தரமும் மறையும். சின்னசாமி முதலியார் 1890-களில் நம் கீர்த்தனங்களை மேனாட்டுச் சுரலிபியில் அச்சிட முனைந்தார். அவருடைய ஊக்கமும் சமஸ்தானத்தின் ஆதரவும் சேர, பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரராகிய சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை எட்டயபுரத்திலேயே, தெலுங்கு எழுத்தில் அச்சேற்றினார். கம்பிதம், ஸ்புரிதம், ஜாரு, நொக்கு, ஒதுக்கல் முதலிய கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அதில் இடம்பெற்றன.

குறி வழியைக் காட்டும். நடப்பது விரலின் கடமை. இசையை அச்சில் விட்டுச் சென்ற பாரிஸ் இளைஞருக்கும் எட்டயபுரத்து முதியவருக்கும் இஃது ஒன்றே பொது. அக்குறிகளைப் படித்துப் பாடுவோர் உள்ளவரை எட்டயபுரத்தின் குரல் ஓயாது.