பிள்ளை பார்த்தவள்

தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன்னே வந்துவிடும். அம்மா மறுபடி வேலைக்குக் கிளம்பியதற்கு முந்தின ராத்திரி எனக்குப் பாடம் நடந்தது: சேலையில் தூளி கட்டி முடிச்சை இழுத்துப் பார்ப்பது, கஞ்சியைப் புறங்கையில் விட்டுச் சூடு அறிவது, பெட்டி ஒட்டும் பசையை எட்டாத உயரத்தில் வைப்பது. தம்பிக்கு 8 மாதம். எனக்கு 12 வயது.

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றில் அந்த ராத்திரியைத் தேடுகிறேன். 1986ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிரம்பாதவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளிலிருந்து விலக்கியது. சிவகாசிச் சிறார் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறும் முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இரண்டும் தேவையானவை. ஆனால் ஆலைக்குள் சிறுமியைத் தேடிய கண்ணுக்கு, அம்மா ஆலைக்குப் போவதற்காக வீட்டில் நின்ற சிறுமி தெரியவில்லை.

30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது அன்றைய தொழிற்சாலைச் சட்டம். சின்னப் பட்டறைகளும், வீட்டில் பெட்டி ஒட்டுகிறவர்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. அங்கெல்லாம் மூத்த மகள்தான் காப்பகம். அவள் உழைப்பின் மேல்தான் அம்மாவின் கூலி நின்றது. அவளுக்கென்று கூலி இல்லை.

அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. தம்பி பால்வாடிக்குப் போன பிறகே நான் பள்ளிக்குத் திரும்பினேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே விழுந்த சிவப்பு மைதான், நான் வேலை பார்த்ததற்கு இருந்த ஒரே எழுத்துச் சான்று.