ஒத்து ஊதினவன் பேர் என்ன?

‘அவனுக்கு ஏன்டா ஒத்து ஊதுறே’ என்று தமிழில் ஒரு வசவு உண்டு. சொந்தப் புத்தி இல்லாதவன், அடுத்தவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம். இந்த வசவு எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை.

நாகசுரக் கச்சேரியில் ஒத்து என்று ஒரு கருவி இருந்தது. நாகசுரம் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ராகம் கிடையாது, ஒரே சுதிதான். அதை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வித்வான் மூச்சு வாங்கலாம், தவில்காரர் துண்டெடுத்து வியர்வை துடைக்கலாம். ஒத்துக்காரர் மட்டும் நிறுத்தக்கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து ஊதுவார். அவர் நிறுத்தினால் மற்றவர்கள் நிற்பதற்குத் தரை இல்லை. பிறகு சுருதிப்பெட்டி வந்தது. ஒத்துக்காரருக்கு வேலை போனது. ஊரெல்லாம் வித்வான்களின் பெயர் தெரியும். ஒத்து ஊதினவர் பெயர் யாருக்குத் தெரியும்? அவர் உழைப்புக்கு மிச்சம் ஒரு வசவுதான்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு வகையில் ஒத்து ஊதினவன். முப்பது வருஷத்துக்கு மேல் வடசென்னை மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிடார் வாசித்தேன். அதுவே தொழில் இல்லை. பகலில் பட்டறை வேலை. சனி, ஞாயிறு, ஆடி மாசம், மார்கழி என்றால் கச்சேரி. பாடகருக்குக் கைதட்டல், கீபோர்டுக்காரருக்கு மாலை. ‘அந்தக் கடைசியில நிக்கறானே, அவன் இன்னாதான் பண்றான்?’ என்பதுதான் எனக்குக் கிடைத்த விமர்சனம்.

பேஸ் கிடாரில் நாலு கம்பி. தடிமனான கம்பி நொடிக்கு 41 தடவை அதிரும். காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அது அதிகம் தெரியும். நான் கச்சேரிக்குப் போக ஆரம்பித்த காலத்தில் ஊர் விழாக்களில் பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கர்தான். பனைமரத்தில் கட்டினால் மூணு ஊருக்குக் கேட்கும். ஆனால் அந்தக் குழாயில் கீழ்ச் சத்தம் வராது. மேல் சத்தத்தை மட்டும்தான் அது வீசி எறியும். ராத்திரி முழுக்க நான் வாசித்திருப்பேன். மேடைக்குப் பக்கத்தில் இருந்தவனைத் தவிர ஒருத்தனுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்காது. பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகுதான் ‘இப்படி ஒண்ணு இருக்குதா’ என்று ஜனங்களுக்குத் தெரிந்தது.

கீழ்ச் சத்தத்துக்கும் கீழே வைக்கப்பட்ட மனுஷருக்கும் உள்ள உறவு நம் ஊரோடு முடியவில்லை. அமெரிக்காவில் 1936 வாக்கிலேயே சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார். 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் செய்து விற்றதுதான் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்பு ஆள் உயர பேஸ் வயலினைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதை வாங்கவும் வழியில்லாத கறுப்பு மக்கள், துணி துவைக்கிற தகரத் தொட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு கயிறும் கழியும் மாட்டி பேஸ் வாசித்தார்கள். ஆப்பிரிக்காவில் மண்ணில் குழி தோண்டி, அதன்மேல் கம்பி கட்டி மீட்டுகிற பழக்கம் இருந்தது. அதன் தொடர்ச்சி இது. வாத்தியத்தைப் பிடுங்கினாலும் வாசிப்பைப் பிடுங்க முடியவில்லை.

அந்த மரபில் வந்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தெற்குக் கரோலினா மாநிலத்தில் எடிஸ்டோ தீவில் பிறந்தார். சின்ன வயசில் ஒரு குச்சியில் ரப்பரைக் கட்டி எறும்புப் புற்றில் நட்டு, எறும்புகளை ஆட வைப்பதற்காக மீட்டுவாராம். 1954இல் டெட்ராய்ட்டுக்கு வந்தார். 1959இல் தொடங்கிய மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளில் 60கள் முழுக்கக் கேட்கிற பேஸ் பெரும்பாலும் அவருடையதுதான். வலது கையில் ஒரே விரலால் வாசிப்பார். அந்தப் பாட்டுகளை உலகமே ஆடிப் பாடியது. ஆனால் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் கிடையாது. 1971இல் மார்வின் கே வெளியிட்ட தட்டில்தான் வாத்தியக்காரர்கள் பெயர் அச்சானது. 1972இல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தது. டெட்ராய்ட் வாத்தியக்காரர்களில் பலர் நடுத்தெருவில் நின்றார்கள். 1983 மார்ச்சில் கம்பெனிக்கு 25ஆம் ஆண்டு விழா நடந்தது. ஜேமர்சனுக்கு அழைப்பில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் மாடி வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செத்துப் போனார். வயது 47. 2000இல்தான் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

இதில் நாம் தாண்டிப் போகக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. மோட்டவுன் முதலாளி பெர்ரி கோர்டியும் கறுப்பர்தான். வெள்ளைக்காரன் மட்டும் பெயரை மறைக்கவில்லை. நம்ம ஆள் முதலாளி ஆகிவிட்டால், நம்ம ஆள் மேடை போட்டுவிட்டால், பின்வரிசையில் நிற்கிறவனுக்கு விடிந்துவிடுமா? இந்தக் கேள்வியை இங்கே வைத்துவிட்டு நம் சேரிக்கு வருகிறேன்.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரத்தோடு பறையையும் சேர்க்கிறது. அப்போது பறை எல்லா நிலத்துக்கும் பொதுச்சொல். பிற்காலத்தில் அது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டு, சாவுக்கும் தண்டோராவுக்கும் என்று ஆனது. பறைக்கு இரண்டு குச்சி. மெலிசான நீளக் குச்சி ஒன்று, கனத்த குட்டையான அடிக்குச்சி ஒன்று. அடிக்குச்சிதான் கீழ்ச் சத்தம். எங்க நைனாவுக்கு அடிக்குச்சிக் கை. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து ‘ம்’ என்பார். அந்த ‘ம்’முக்கு அப்புறம்தான் மற்றவர்கள் குச்சியைத் தொடுவார்கள்.

அரக்கோணம் பக்கத்தில் எங்கள் ஊர். நைனாவும் இன்னும் சிலரும் 70களின் கடைசியில் ‘இனிமே சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பல சேரிகளில் நடந்த போராட்டம்தான் அது. ஊரில் வேலை கொடுப்பது நின்றது, கடையில் சாமான் நின்றது. எல்லாராலும் தாங்க முடியவில்லை. பெரியப்பா குடும்பம் மறுபடியும் அடிக்கப் போனது. நைனா எங்களைக் கூட்டிக்கொண்டு பெரம்பூருக்கு வந்துவிட்டார்.

பெரம்பூரில் கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். அங்கே பாடல் குழுவில் பேஸ் வாசித்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், எனக்கு விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார். 1984இல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது தன்னுடைய கிடாரை எனக்கு 700 ரூபாய்க்குக் கொடுத்தார், மூணு தவணையில். இளையராஜாவின் பாட்டுகளைக் கேசட்டில் தேயத் தேயக் கேட்டுப் பழகினேன். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்த மனுஷர், 1976இல் ‘அன்னக்கிளி’க்குப் பிறகு தமிழ்ப் பாட்டின் கீழ்த்தளத்தையே மாற்றிக் கட்டினார். ‘மூடுபனி’ (1980), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) பாட்டுகளில் பேஸ் பாடகருக்குப் பின்னால் போகாது, தனியாகப் பேசும். அதில் வாசித்தவர் யார் என்று கேசட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இருக்காது. சசிதரன் என்கிற பெயர் எனக்குத் தெரிய வந்தது வருஷங்கள் கழித்துத்தான்.

ஒரு தடவை நைனா கச்சேரி பார்க்க வந்தார். குழாய் ஸ்பீக்கர். முடிந்ததும் சொன்னார்: ‘நீ வாசிக்கறது ஒண்ணுமே கேக்கலடா. ஆனா காலு ஆட்றியே, அது அடிதான்.’ வேறு எதுவும் சொல்லவில்லை.

1989 ஆடி மாசம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் அம்மன் திருவிழா, எங்கள் குழு கச்சேரி. எனக்கு ராத்திரிக்கு 60 ரூபாய் பேட்டா. மேடை ஊர்த்தெருவில். பறை செட்டைத் தெருமுனை வேப்பமரத்தோடு நிறுத்திவிட்டார்கள், அதைத் தாண்டக்கூடாது. அந்தச் செட்டில் பெரியப்பா மகன், என் அண்ணன், இருந்தார். என்னை மேடையில் பார்த்ததும் அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் ‘மேல கிடார் வச்சிகினு கீறானே, எங்க சித்தப்பா மவன்’ என்று சொல்லியிருக்கிறார். நாலு பாட்டு முடிவதற்குள் சேதி விழாக் கமிட்டிக்குப் போய்விட்டது.

குழுத் தலைவர் என் காதருகே வந்தார். ‘தம்பி, ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வண்டில போய் உக்காருப்பா. பேட்டாவுல கை வைக்க மாட்டேன்’ என்றார். நல்ல மனுஷர்தான். அவர் எனக்குத் தந்த மரியாதை அந்த அறுபது ரூபாய். நான் கிடாரைக் கழற்றினேன். கச்சேரி நிற்கவில்லை. கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸை ஒப்பேற்றினார். கூட்டத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விரட்டினதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அண்ணன் வண்டிக்கு வந்து கீழே தரையில் உட்கார்ந்தார். ‘என்னாலதானே?’ என்றார். ‘இல்ல’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல வருஷம் அவரோடு பேசவில்லை. கமிட்டிக்காரன்மேல் வந்திருக்க வேண்டிய கோபம், தம்பியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனுஷன்மேல் போனது. சாதி மேலேயிருந்து மட்டும் வேலை செய்வதில்லை. நமக்குள்ளே புகுந்து நம் அன்பையே காட்டிக்கொடுத்த குற்றமாக மாற்றிவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை காலம் ஆனது.

90களில் தலித் கலை விழாக்கள் வந்தன. மதுரை இறையியல் கல்லூரியில் பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு (2005இல் மறைந்தார்) நாட்டுப்புற இசையையும் பறையையும் கிறித்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். பறை விடுதலையின் கருவி என்று பேசினோம். நைனாவிடம் பெருமையாகச் சொன்னேன். ‘ஒங்களுக்கு அது கலைடா. எனக்கு அது ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவத் தட்ற சத்தம்’ என்றார். இரண்டும் உண்மை. யார் கூப்பிட்டு, எங்கே நிறுத்தி, என்ன பெயரில் அடிக்கச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

அப்படி ஒரு விழாவில் நானும் வாசித்தேன். துண்டறிக்கையில் பேசுகிறவர்கள் பெயர் இருந்தது, பாடுகிறவர் பெயர் இருந்தது. பறை அடித்த எட்டுப் பேருக்கும் சேர்த்து ‘குழுவினர்’ என்று ஒரே வார்த்தை. நானும் அந்த வார்த்தைக்குள்தான் இருந்தேன். மோட்டவுன் கேள்வி இதுதான் தோழர்களே.

பிறகு கீபோர்டிலேயே எல்லாத் தாளமும் வந்தது. அதற்குப் பிறகு மைனஸ் ஒன் டிராக். ஒத்துக்காரருக்கு ஆனதே எங்களுக்கும் ஆனது. நைனா இல்லாத காலத்தில், 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் நீலம் பண்பாட்டு மையத்தின் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியது. பறையும் கானாவும் மின்சார கிடாரும் ஒரே வரிசையில் நின்றன. வேப்பமரத்தோடு நிறுத்தப்பட்ட வாத்தியமும் மேடையிலிருந்து இறக்கப்பட்ட வாத்தியமும் ஒன்றாகச் சத்தம் போட்டன. முன்பே வந்திருக்க வேண்டியது, அன்றைக்காவது வந்தது.

அண்ணன் இப்போது இல்லை. அவர் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று அவர் மகளிடம் கேட்டேன். வேலையில் இருக்கிற பெண். ‘வேணாம் சித்தப்பா, ஆபீஸ்ல தெரியாது’ என்றாள். ஆகவே எழுதவில்லை. பெயர் இல்லாமல் இருப்பது நமக்குத் தண்டனையாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதுவே மறைவிடமாகவும் இருக்கிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் சேரியில் பேண்டு செட்டில் ஊதினவர், மெல்லிசைக் குழுவில் டிரம் அடித்தவர், கோயில் பாடல் குழுவில் பேஸ் வாசித்தவர் இன்னும் உயிரோடு இருப்பார்கள். போய் உட்காருங்கள். யாரிடம் கற்றார்கள், என்ன கூலி வாங்கினார்கள், எங்கே இறக்கிவிடப்பட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெயரைப் போடலாமா என்று கடைசியில் கேளுங்கள். ‘போடு’ என்று ஒருத்தர் சொன்னாலும் போதும், அந்தப் பெயரை முதல் வரியில் போடுங்கள்.